குருவார விரதமும் பதினெட்டு வகைத் தோல் வியாதியும்

ஆகஸ்ட் 2, 1996, வெள்ளி

நேற்று சாயங்காலத்திலிருந்து மறுபடி அரிப்பு. இரண்டு முழங்கை மடிப்பிலும், கழுத்துக்குப் பின்னாலும், முதுகில் கை எட்டாத அந்த ஒரே இடத்திலும். காலையில் ஆபீஸ் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்ததை டைப்பிஸ்ட் ஸ்ரீலக்ஷ்மி பார்த்துவிட்டாள். "சார், ஸ்கேல் வேணுமா?" என்று மர ஸ்கேலை நீட்டினாள். மீன்வளத் துறையில் இருபத்தெட்டு வருஷ சர்வீஸ், சூப்பரின்டென்டென்ட் பதவி, கடைசியில் ஒரு மர ஸ்கேல். வாங்கிக்கொண்டேன். நல்ல ஸ்கேல்.

இந்த நோட்டு நந்தனம் ஆபீசில் என் மேஜையின் கீழ் டிராயரில் பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. ஏன் என்று எனக்கே எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு தடவை எழுதிவிட்டால் மனசு ஆறும்.

1987-ல் கட்டுமர மானியக் கோப்பு ஒன்றுக்காக பெசன்ட் நகர் கடற்கரைக் குப்பத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் போனேன். மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஆபீஸ் ஃபீல்ட் அசிஸ்டென்ட் ஆரோக்கியராஜின் வீடு அங்கேதான். ஒதுங்கினேன். அவன் அம்மா அந்தோணியம்மாள் தட்டில் சோறு போட்டு, பக்கத்தில் ஒரு துண்டு வஞ்சிர வறுவலையும் வைத்துவிட்டாள். பத்தொன்பது வருஷம் மீனைப் பற்றி எழுதியே சம்பளம் வாங்கியவன், அதன் ருசி தெரியாமல் கையெழுத்துப் போடுவது நிர்வாக ரீதியில் சரியா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சரியில்லை என்று பட்டது. அன்றைக்கு வியாழக்கிழமை.

அதிலிருந்து வியாழன்தோறும் மத்தியானம் குப்பம். வீட்டில், குருவார விரதம், ஆசார்யனை நினைத்துப் பகல் ஆகாரம் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். ஐயங்கார் ஆத்தில் இப்படி ஒரு விரதம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. மயிலாப்பூரில் சாப்பிட்டவனைத்தான் கேள்வி கேட்பார்கள், சாப்பிடாதவனை யாரும் கேட்க மாட்டார்கள். விரதத்தை முடிக்க, சாயங்காலம் என் சம்சாரம் கோமளம் பெருமாளுக்குக் காட்டிய பால் திருக்கண்ணமுது தருவாள். ஊரில் பாயசம் என்பார்கள். பெரிய டம்ளர், தளும்பத் தளும்ப.

அவளுக்கு என் விரதத்தின் மேல் அவ்வளவு மதிப்பு. வியாழக்கிழமைச் சட்டையை மற்றத் துணியோடு சேர்க்க மாட்டாள், தனி வாளியில் நனைப்பாள். நான் வந்ததும் கை கழுவ, தொட்டி விளிம்பில் ஒரு எலுமிச்சை மூடி வெட்டி வைத்திருப்பாள். அவர்கள் வீட்டு மடி வழக்கம் போலிருக்கிறது. கேட்டதில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நேற்று பாண்டி பஜார் பக்கத்தில் ஒரு தோல் ஸ்பெஷலிஸ்ட். இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன், நாற்பது விநாடி பார்த்தார். என்னைக்கூடப் பார்க்கவில்லை, முழங்கையைத்தான் பார்த்தார். "அலர்ஜி. க்ரீம் தடவுங்க." எதனால் டாக்டர் என்றேன். "எதனால வேணா இருக்கலாம்." ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மிகச் சிறந்த டாக்டர்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நேற்று சங்கரா மீன் குழம்பு. இன்று முதுகு, கழுத்து, முழங்கை, கூடுதலாக வயிறு. க்ரீம் தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

நேற்று வியாழன், ஆனால் சுதந்திர தினம். ஆபீஸ் இல்லை, ஆகவே குப்பமும் இல்லை; மற்ற லீவுகளில் அவசரக் கோப்பு என்று நழுவிவிடுவேன், இந்தத் தடவை அது பலிக்கவில்லை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக நிஜமாகவே விரதம் இருக்க நேர்ந்தது. என்ன பசி! இரண்டு மணிக்குக் கண் இருட்டியது. விரதம் இருப்பவர்கள் இதை எப்படித்தான் தாங்குகிறார்களோ. "பழகினவர்தானே, ஏன் இன்னிக்கு மட்டும் இப்படித் துவண்டு கிடக்கறேள்?" என்றாள் கோமளம். வெயில் என்றேன்.

இன்று அரிப்பு இல்லை. விசித்திரம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

நேற்று கோமளம் பிடிவாதமாக என்னைச் சடகோப வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இங்கிலீஷ் மருந்து மேலே பூசி மறைக்குமாம், ஆயுர்வேதம்தான் வேர்வரைக்கும் தோண்டுமாம். வேர்வரைக்கும் தோண்டுவதுதான் எனக்கு வேண்டாம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

வைத்தியர் குளத்துக்குப் பின்னால் சந்தில் இருக்கிறார். கோயிலில் நான் சேவிக்கிற பிரபந்த கோஷ்டியில் எனக்கு எதிர் வரிசை. அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால், அது தீர்த்தம் கொடுப்பதற்கு முன்னால் நாலு மாட வீதியும் சுற்றி வந்துவிடும்.

முழங்கையைப் பார்த்தார், நாடி பிடித்தார். "குஷ்டம்" என்றார். கோமளம் "ஐயோ பெருமாளே" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதேம்மா. சாஸ்திரத்துல தோல்ல வர்ற எல்லாத்துக்கும் அதுதான் பேர். பதினெட்டு வகை. ஏழு பெரிசு, பதினொண்ணு சின்னது. இவருக்கு விசர்ச்சிகை. சின்னதுலேயும் சின்னது." உயிர் வந்தது. அப்புறம், சின்னதுதானா என்று லேசாக ஒரு வருத்தமும் வந்தது.

பிறகு பெரிய புத்தகத்தைப் பிரித்தார். "காரணம் இன்னின்னதுன்னு வரிசையா சொல்லியிருக்கு. ஒவ்வொண்ணா கேட்பேன். ஆம், இல்லை, அவ்வளவுதான் பதில்."

முதல் கேள்வியே: "மீனையும் பாலையும் ஒரே நாள்ல சாப்பிட்டதுண்டா?"

என் காது இரண்டும் சுட்டது. வைத்தியர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஓய், உம்மகிட்ட இதைக் கேட்கறதே அபசாரம்! ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கே." அவரே "இல்லை" என்று எழுதிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. இதைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன்: நான் வாயே திறக்கவில்லை. நானும் சிரித்தேன். கோமளம் மட்டும் சிரிக்கவில்லை, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

பகல் தூக்கம் உண்டா? கவர்ன்மென்ட் ஆபீஸ் என்றேன். உண்டு என்று எழுதினார். வெயிலில் அலைந்துவிட்டு உடனே ஜில்லென்று தண்ணீர்? இல்லை. குருவை அவமதித்ததுண்டா? ஆசார்யன் பெயரில் நான் வைத்திருக்கும் விரதம் ஞாபகம் வந்தது. இல்லை என்றேன். பாவ காரியம்? "இந்த ஜன்மத்திலயா?" என்று கேட்டேன். "போன ஜன்மமும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கு." அது ஞாபகமில்லை என்றேன். அவர் முகம் தெளிந்தது. இந்த ஜன்மத்தில் ஒன்றும் அகப்படாததால் வியாதி போன ஜன்மத்திலிருந்து வந்திருக்கிறது என்று முடிவு கட்டினார்.

கருங்காலிக் கஷாயம் இரண்டு வேளை. கசப்பு நெய் வெறும் வயிற்றில். பால், தயிர், வெல்லம், எள், புளிப்பு எதுவும் கூடாது. இது தவிர, என்ன சாப்பிடுகிறேன் என்று தினமும் ஒரு நோட்டில் எழுதி அவரிடம் காட்ட வேண்டும். ஆக இப்போது என்னிடம் இரண்டு நோட்டு. ஒன்றில் உண்மை, இன்னொன்றில் வைத்தியருக்கு.

கிளம்பும்போது கோமளம் கேட்டாள்: "வியாழக்கிழமை திருக்கண்ணமுது? பெருமாள் அமுது செஞ்ச பாலாச்சே?" வைத்தியர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பிரசாதத்துக்குப் பத்தியம் சொல்ல நான் யாரு? அது மட்டும் கொடும்மா."

ஆகஸ்ட் 23, வெள்ளி

நேற்று குப்பத்தில் அந்தோணியம்மாள் என் கழுத்தைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா சாரு, கழுத்தாண்ட செவ செவன்னு கீது?"

சொன்னேன். நெய், கஷாயம், பதினெட்டு வகை எல்லாம் சொன்னேன். அவள் மீன் அலசிக்கொண்டே கேட்டாள்.

"சாய்ங்காலம் பாலு கீலு குடிக்கிறியா?"

பாயசம், விரதம் முடிக்க என்றேன்.

"ஐய! மீனு துன்னுட்டு பாலு குடிச்சா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? எங்க குப்பத்துல கைக்கொயந்தைக்குக் கூட தெரியும் சாரு. நீ இன்னா படிச்சிருக்கே?"

பி.ஏ. என்றேன்.

அந்தப் பெரிய புத்தகத்தின் முதல் கேள்வியை இந்த அம்மாள் புத்தகம் இல்லாமலே கேட்டுவிட்டாள். நாற்பது விநாடிகூட ஆகவில்லை.

திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். பாயசம் வேண்டாம் என்று சொன்னால் போதும், தீர்ந்தது. ஆனால் கோமளம் ஏன் வேண்டாம் என்பாள். ஒன்பது வருஷம் குடித்துவிட்டு இன்றைக்கு ஏன்? என்ன காரணம் சொன்னாலும் அதற்குப் பின்னால் இன்னொரு ஏன் நிற்கும். கடைசி ஏனுக்குப் பின்னால் வஞ்சிரம் நிற்கும். மீனை விட்டுவிடலாமே? அதையும் யோசித்தேன். அடுத்த வாரம் நண்டு என்று அந்தோணியம்மாள் சொல்லியிருந்தாள்.

கோமளம் டம்ளரை நீட்டினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் கையிலேயே வைத்திருந்தாள். "வேண்டாம்னா சொல்லுங்கோ" என்றாள்.

ஏன் வேண்டாம் என்று சிரித்தபடி குடித்து முடித்தேன். இன்று காலையிலிருந்து மர ஸ்கேல் என் மேஜையிலேயே இருக்கிறது. ஸ்ரீலக்ஷ்மி திருப்பிக் கேட்கவில்லை, வேறு வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

புதன்கிழமை ஆவணி அவிட்டம். புதுப் பூணூலுக்காக மண்டபத்தில் எண்பது பேர் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தோம். என் முதுகு எல்லோருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது. பின் வரிசைக்காரர் மந்திரத்துக்கு நடுவில் வேப்பிலை என்றார். பக்கத்து வரிசை கோமியம் என்றது. வாத்தியார் பவித்திரத்தைக் கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரு களிம்பைச் சொன்னார். "வாரா வாரம் பட்டினி கிடக்கற புண்ணியாத்மா. அவருக்குப் போய் இப்படி!" என்று ஒருவர் கண் கலங்கினார். யாராவது திட்டியிருந்தால் தேவலை.

நேற்று வேளாங்கண்ணி கோயிலில் கொடியேற்றம். பெசன்ட் நகர் முழுக்கக் காவிச் சேலையும் கூட்டமும். ஆரோக்கியராஜின் மொபெட் நகரவில்லை. இறங்கி நடந்தே போனேன். ஒரு மைல். முட்டி வலிக்க, வியர்வையில் அரிப்பு எரிய, நடந்தே போனேன். இவ்வளவு சிரத்தையோடு நான் எந்தக் கோயிலுக்கும் போனதில்லை.

நண்டு நன்றாக இருந்தது.

செப்டம்பர் 9, திங்கள்

சனிக்கிழமை பேதிக்குக் கொடுத்தார். அதைப் பற்றி எழுதுவதற்கில்லை. பதினாறு தடவை. வைத்தியர் இருபது எதிர்பார்த்தாராம், கொஞ்சம் ஏமாற்றம் அவருக்கு.

செப்டம்பர் 16, திங்கள்

அட்டை.

எழுதவே கை கூசுகிறது. நேற்று வைத்தியர் வீட்டுக் கூடத்தில் ஒரு மண் பானை, அதில் பதினோரு அட்டை. "மருந்துக்கு அசையலைன்னா ரத்தத்தை எடுக்கணும். இது கெட்ட ரத்தத்தை மட்டும்தான் குடிக்கும். பாலும் தண்ணியும் கலந்தா அன்னம் பாலை மட்டும் எடுக்கறாப்பல." மறுபடியும் பால்.

முதல் அட்டையை முழங்கையில் விட்டார். அது வாயை வைத்தது, எடுத்தது, நகர்ந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. "ஆச்சரியமா இருக்கே, சைவ உடம்புன்னா ஓடி வந்து கவ்வுமே" என்றார். அட்டைக்குத் தெரிந்துவிட்டது, எப்போது வாயைத் திறந்து சொல்லப்போகிறதோ என்று எனக்கு நடுக்கம். கடைசியில் தோலில் ஒரு சொட்டுப் பால் தடவினார். அதுதான் முறையாம். உடனே கவ்விக்கொண்டது. உள்ளே வியாழக்கிழமை மீன், மேலே பால், நடுவில் அட்டை.

கோமளம் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பக்கத்தில் வந்து குனிந்து மெதுவாகக் கேட்டாள். "ஏதாவது சொல்லணும்போல இருக்கா?"

வலிக்கலை என்றேன்.

ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மஞ்சள் பொடி எடுக்கப் போனாள்.

செப்டம்பர் 23, திங்கள்

பெரிய அனர்த்தம்.

நேற்று வைத்தியர் என் ஆகார நோட்டை, அந்தப் பொய் நோட்டை, மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார். வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் அரிப்பு. வியாழக்கிழமைகளில் எல்லாம் "உபவாசம்." அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அகப்பட்டுடுத்து ஓய்! பகல் முழுக்கப் பட்டினி, சாயங்காலம் வெறும் வயித்துல கனமான திருக்கண்ணமுது. பட்டினியும் விருந்தும் மாறி மாறி வந்தா தோல் கெடும்னு ஸ்பஷ்டமா சொல்லியிருக்கு. போன ஜன்மமும் இல்லை ஒண்ணும் இல்லை. உம்ம விரதம்தான் உம்ம வியாதி!"

விரதத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை மத்தியானம் வீட்டுச் சாப்பாடு, டிபன் பாக்ஸில். விரதம் போனதால் சாயங்காலத் திருக்கண்ணமுதும் போனது.

சாஸ்திரம் சரி, வைத்தியர் கெட்டிக்காரர், தர்க்கத்தில் ஓட்டை இல்லை. நான் எழுதிக் கொடுத்ததுதான் பொய். நிஜமாக விரதம் இருந்த அந்த சுதந்திர தினத்தன்று அரிப்பே இல்லை என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

நேற்று டிபன் பாக்ஸ். கோவைக்காய்க் கறியும் சாத்தமுது சாதமும், அதாவது பத்தியத்துக்குப் புளியில்லாத ரசம். ஆரோக்கியராஜ் மொபெட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு நின்றான். "இன்னா சார், கெளம்பலாமா? அம்மா எறா வாங்கிக்கீது." டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார் என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. என் முகமும்தான்.

அக்டோபர் 1, செவ்வாய்

மெட்ராஸ் இனி எந்த பாஷையில் எழுதினாலும் சென்னைதானாம். ஆபீஸ் லெட்டர்ஹெட் எல்லாம் மாற வேண்டும். என் தோலும் மாறிக்கொண்டிருக்கிறது. கழுத்தில் இருந்தது உதிர்ந்துவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி

முதுகு சுத்தம், முழங்கை சுத்தம். மர ஸ்கேலை ஸ்ரீலக்ஷ்மியிடம் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு விரலால் வாங்கிக்கொண்டாள்.

உடம்பு தேறிவிட்டது. மனசுதான் வியாழக்கிழமை ஆனால் பதினொரு மணிக்கே ஜன்னல் பக்கம் போய்விடுகிறது. மீன் மட்டும் இல்லை, சத்தியமாக. அந்த வீட்டில் யாரும் என்னைப் புண்ணியாத்மா என்பதில்லை. "நீ இன்னா படிச்சிருக்கே" என்று கேட்கிறார்கள். அது வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 28, திங்கள்

நேற்று சபாவில் வைத்தியரின் உபன்யாசம். தலைப்பு "உபவாசமும் சர்ம ரோகமும்". நான்தான் சர்ம ரோகம். மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார். சட்டைக் கையை மடித்து இரண்டு முழங்கையையும் தூக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். கை தட்டினார்கள். மார்கழிக் கச்சேரிகளில்கூட அந்த சபாவில் அப்படித் தட்டி நான் கேட்டதில்லை.

"ஒன்பது வருஷ உபவாசத்துல வந்த வியாதி, உபவாசத்தை விட்ட மூணே வாரத்துல போயிடுத்து!"

முன் வரிசை மாமி ஒருத்தி எழுந்தாள். "ஏகாதசிக்கும் இது பொருந்துமா?"

வைத்தியர் ஒரு விநாடி தயங்கினார். கூட்டம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இருநூறு பேர் ஆசையோடு பார்த்தால் யாரால் தாங்க முடியும்? "சாஸ்திரம் பொதுவாத்தானே சொல்றது" என்றார்.

சபா முழுக்க ஒரு பெருமூச்சு. இத்தனை வருஷமாக எல்லோருக்கும் பசித்திருக்கிறது.

நவம்பர் 6, புதன்

இன்று ஏகாதசி. ஆபீஸ் வரும் வழியில் குளத்துக்கிட்ட ஹோட்டலில் எட்டிப் பார்த்தேன். எங்கள் கோஷ்டியில் நான்கு பேர், வரிசையாக, பொங்கல் வடை. எழுபத்தெட்டு வயசுப் பெரியவர் ஒருவர், ஏகாதசியன்று துளசித் தீர்த்தத்தைத் தவிர ஒன்றும் தொடாதவர், சாம்பார் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார். "எல்லாம் உம்ம புண்ணியம்! தோல் முக்கியம் பாரும்!"

அவருடைய தோலில் ஒரு குறையும் இல்லை.

என்ன செய்துவிட்டேன்? ஒரு துண்டு மீனை மறைக்கப் போய், மயிலாப்பூரையே சாப்பிட வைத்துவிட்டேனே. சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த மனுஷர் அறுபது வருஷமாகக் காத்துவந்ததை என் பொய் நோட்டை நம்பி விட்டுவிட்டார். சொல்லியாகணும். யாரிடமாவது சொல்லித் தொலைச்சாகணும். வைத்தியரிடமா? மாட்டேன், முடியாது. அப்புறம் கோமளம் தெருவில் எப்படி நடப்பாள்?

அவளிடம்தான் சொல்லணும். அவளிடம்தான் முடியாது.

நவம்பர் 8, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

நேற்று ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அவள் தீபாவளிக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். "கோமளம், ஒரு விஷயம்" என்றேன்.

"சொல்லுங்கோ" என்றாள். சலிப்பதை நிறுத்தவில்லை.

"வியாழக்கிழமை நான் விரதமே இருந்ததில்லை. மீன் சாப்பிட்டேன். ஒன்பது வருஷமா. பெசன்ட் நகர் குப்பத்துல."

சலித்தாள். சல்லடையைத் தட்டினாள். கீழே வைத்தாள்.

"ஒன்பது வருஷமா அந்தச் சட்டையை எதுக்குத் தனியா நனைச்சேன்னு நினைச்சேள்?"

என்னையறியாமல் சட்டைக் கையை மூக்குக்குக் கொண்டுபோனேன்.

"எலுமிச்சை மூடியை எதுக்குத் தொட்டில வச்சேன்? விரதம் இருந்துட்டு வர்றவாளுக்கு எந்த ஊர்லயாவது எலுமிச்சம்பழம் குடுப்பாளா? முதல் வாரமே தெரியும். நம்மாத்துல அந்த வாசனை ஒளிஞ்சுக்க எடம் ஏது?"

"அப்போ வைத்தியர் கேட்ட அன்னிக்கு..."

"அன்னிக்குத்தான் எனக்கு மீனும் பாலும் சேரக்கூடாதுன்னே தெரியும். திருக்கண்ணமுது வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுவேள்னு பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் டம்ளரை நீட்டிண்டு நின்னேன். நீங்க என்னடான்னா மடக் மடக்குன்னு குடிச்சேள். பேதிக்குக் குடுத்தா, அப்பவும் சொல்லலை. அட்டை விட்டபோதாவது சொல்லுவேள்னு நினைச்சேன்." குரல் உடைந்தது. "அட்டைகிட்ட ரத்தத்தைக் குடுப்பேள், என்கிட்ட ஒரு வார்த்தை குடுக்க மாட்டேளா?"

அவள் கோபித்தால் தாங்கியிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது, வேறு வார்த்தை இல்லை. மன்னிச்சுடு என்றேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தையை இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன் என்று அவள்தான் ஞாபகப்படுத்தினாள்.

வைத்தியரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா, ஏகாதசியாவது பிழைக்குமே என்று கேட்டேன். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், நீங்க சொன்ன லட்சணம் போறும். நான் பார்த்துக்கறேன்" என்று சல்லடையை எடுத்துக்கொண்டாள்.

நவம்பர் 12, செவ்வாய்

தீபாவளி பட்சணத்தோடு கோமளம் வைத்தியர் ஆத்துக்குப் போய், மாமியிடம் மிகவும் ரகசியமாக ஒரு விஷயம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். "எங்காத்துக்காரர் விரதத்தன்னிக்கு ஆபீஸ் கேன்டீன்ல பஜ்ஜி சாப்பிட்டிருக்கார்."

அரை நாளில் நாலு வீதியும் சுற்றிவிட்டது. நேற்று கோயிலில் கோஷ்டி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத முடியாது. வைத்தியர் கைகூப்பிக்கொண்டு வந்தார், முகத்தில் அப்படி ஒரு ஒளி. "காஞ்ச வயித்துல காஞ்ச எண்ணெய்! அதான் ஓய் காரணம். உபவாசத்து மேல தப்பே இல்லை." உபன்யாசத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறாராம். ஏகாதசி திரும்பி வந்துவிட்டது. பொங்கல் வடை சாப்பிட்ட பெரியவர் பிராயச்சித்தமாக இரண்டு நாள் பட்டினி. என்னோடு பேசவில்லை.

பின் வரிசையில் யாரோ "பஜ்ஜி ராமானுஜம்" என்றார்கள். திரும்பிப் பார்க்காமல் பாசுரத்தைத் தொடர்ந்தேன். ரிடையர் ஆகும்வரை, அதற்கப்புறமும், இனி அதுதான் என் பெயர். நியாயமாகப் பார்த்தால் மலிவாக முடிந்தது.

நவம்பர் 14, வியாழன்

இந்த நோட்டை இன்று வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். கூடத்து மேஜையில் வைத்து எழுதுகிறேன். கோமளம் எதிரே கீரை ஆய்கிறாள், எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

காலையில் டிபன் பாக்ஸ் காலியாக, கவிழ்த்தே கிடந்தது. "இன்னிக்கு சாப்பாடு?" என்றேன்.

"இன்னிக்கு வியாழக்கிழமை. வெளியில சாப்பிடறேன்னு சொல்லுங்கோ. விரதம்னு சொல்லாதீங்கோ. ஆசார்யனை இதுல இழுக்க வேண்டாம்."

"வெளியில சாப்பிடறேன்" என்றேன். ஒன்பது வருஷத்தில் வியாழக்கிழமை காலையில் நான் சொன்ன முதல் உண்மை. சொல்ல அவ்வளவு நேரம் பிடித்தது.

அந்தோணியம்மாள் எதுவும் கேட்கவில்லை. "இளைச்சுட்டே சாரு" என்று இன்னொரு துண்டு வைத்தாள்.

சாயங்காலம் டம்ளரில் ஆவி பறக்கச் சாத்தமுது, மிளகு தூக்கலாக. பாலில்லை. தொட்டி விளிம்பில் எலுமிச்சை மூடி இருந்தது. கை கழுவினேன். சட்டையைக் கழற்றி, தனி வாளியில் தண்ணீர் பிடித்து, நானே நனைத்தேன். சோப்புத் தூள் எவ்வளவு போட வேண்டும் என்று தெரியவில்லை. அவளைக் கேட்டேன், சொன்னாள்.